நன்கொடையில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போனால் அது வீணா?

கேள்வி இதுதான். ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் சமயத்தில் 2 லட்சம் ரூபாய் திரட்டி, பெங்களூரில் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். ஆண்டறிக்கை வந்தது. மொத்தச் செலவில் 62 சதவீதம் சம்பளம் என்று இருந்தது. "ஏழைப் பிள்ளைகளுக்கு என்று கொடுத்தோம், ஆபீஸ் ஆட்களுக்கு அல்லவா போயிருக்கிறது? நேரடியாகவே நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கலாமோ? நன்கொடையால் வேலை வாய்ப்பு பெருகும், வட்டாரப் பொருளாதாரமே உயரும் என்று பெரிய அறக்கட்டளைகள் சொல்வதெல்லாம் நிஜமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் அல்சூரில் இருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் தொண்டு நிறுவனங்களின் கணக்கு வழக்குகளைப் பார்த்து வருகிறேன். அதனால் இது எனக்கு மிகவும் நெருங்கிய கேள்வி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கொடுத்தவர் கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. எந்த அளவுகோலை எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் அந்த 62 சதவீதத்தைப் பார்ப்போம். ஒரு தொண்டு நிறுவனம் பணத்தைக் கொண்டு எதை வாங்குகிறது? பள்ளிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் அமைப்பு என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், வேன் வாடகை. அங்கே சம்பளம் சிறு பங்காகத்தான் இருக்கும். 2000-இல் பெங்களூரில் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தொடங்கிய அக்ஷய பாத்ரா போன்ற பெரிய சமையல்கூட அமைப்புகளின் கணக்கு அப்படி இருக்கும். ஆனால் நீங்கள் கொடுத்த அமைப்பு மாலை நேரப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. அதற்குத் தேவை ஒரு டீச்சர், ஓர் அறை, ஒரு கரும்பலகை. டீச்சரின் சம்பளத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓர் அறையும் ஒரு பலகையும்தான். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பில் 80 சதவீதம் சம்பளமாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அங்கே உட்கார்ந்து கேட்கும் மனுஷிதான் சேவை.

இன்னொன்றையும் பாருங்கள். "ஆபீஸ் ஆட்கள்" என்று நீங்கள் நினைக்கும் அந்த 62 சதவீதத்தில் யார் யார் இருக்கிறார்கள்? நான் கணக்குப் பார்க்கும் இது போன்ற அமைப்புகளில் பெரும்பாலோர் ஃபீல்டு ஆட்கள். அதே தெருவில், அதே குடிசைப் பகுதியில் வளர்ந்து பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்த பெண்கள். மாதம் 15,000, 18,000 ரூபாய் வாங்குவார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வாடகை அதே தெருக்காரருக்கு. மளிகை முனைக்கடையில். பால், பிள்ளையின் ஸ்கூல் வேன், தையல்காரர், மாதச் சீட்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஆயிரம். சம்பளம் வந்த பத்து நாளில் முக்கால்வாசி ஈஜிபுராவிலும் ராஜேந்திர நகரிலும் இருக்கும் சின்னக் கடைகளுக்குப் போய்விடுகிறது. அந்தக் கடைக்காரர் அதைக் கொண்டு இன்னொரு பையனை வேலைக்கு வைக்கிறார். நன்கொடை வட்டாரத்துக்கு உதவுகிறது என்று சொல்வதன் அர்த்தம் அடிமட்டத்தில் இவ்வளவுதான். அதே பணத்தில் மும்பையிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டை விமானத்தில் அழைத்து வந்து, நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தினால், அது அந்தத் தெருவைத் தொடாமலே போய்விடும். இரண்டுமே அறிக்கையில் ஏதோ ஒரு தலைப்பில்தான் வரும். ஆகவே சம்பளம் எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, யாருக்குச் சம்பளம், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சரி, அப்படியானால் எங்கேதான் பணம் வீணாகிறது? நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்த்த ஒரு சின்ன அமைப்பு, விவேக்நகர் பக்கம் மூன்று மாலை நேர மையங்கள் நடத்தியது. பணம் ஒரே ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்திலிருந்து வந்தது. மார்ச் 31-உடன் ஒப்பந்தம் முடிந்தது. "கட்டாயம் புதுப்பிப்போம், ஆனால் எங்கள் கமிட்டி கூடுவது ஜூலையில்" என்றார்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, நான்கு மாதம். அமைப்பின் கையிருப்பு ஐந்து வாரச் சம்பளத்துக்கு மட்டும் இருந்தது. மூன்று டீச்சர்களில் இருவர் எப்படியோ சமாளித்தார்கள். மூன்றாவது பெண், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், கடன் வாங்க வழியில்லாமல் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டாள். ஆகஸ்டில் பணம் வந்தது. அவள் திரும்பி வரவில்லை. அந்த மையத்தில் படித்த நாற்பது பிள்ளைகளும் அவள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவர்கள் மாதிரி. புதிதாக வந்த டீச்சர் நல்லவர்தான், ஆனால் பெயர்களைப் பழகவே இரண்டு மாதம் ஆனது. பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் அறிக்கையில் இது எங்கேயும் இல்லை. ஒதுக்கிய பணம் முழுவதும் செலவானது, இலக்கு எட்டப்பட்டது என்றுதான் இருக்கிறது. எனக்கு அந்த ஆண்டின் கணக்கை முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பியபோது இருந்த மனநிலை இன்னும் மறக்கவில்லை. இரண்டு ஆண்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பயிற்சிச் செலவு முழுவதும் போயே போய்விட்டது. என் கணக்கில் வீண் என்றால் அதுதான் வீண்.

இதை ஊருணியோடு ஒப்பிட்டால் புரியும். ஊருணி வெட்ட ஆள் கிடைப்பார்கள். படித்துறை கட்டிப் பெயர் பொறிக்கவும் கிடைப்பார்கள். வருஷா வருஷம் தூர் வாரப் பணம் கொடு என்றால் யாரும் இல்லை. தூர் வாராத ஊருணியில் மழை பெய்தால் சேறுதான் மிஞ்சும். தொண்டு நிறுவனத்தில் தூர் வாரும் செலவு என்பது கணக்காளர், ஆபீஸ் வாடகை, கம்ப்யூட்டர், தணிக்கை, ஆட்களுக்குப் பயிற்சி, மூன்று மாதக் கையிருப்பு. இதைத்தான் ஓவர்ஹெட் என்று எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை அமைப்பு 2021-இல் இந்தியத் தொண்டு நிறுவனங்கள் நாற்பதின் கணக்கை எடுத்துப் பார்த்தது. அவற்றின் மறைமுகச் செலவு, அதாவது இந்த ஓவர்ஹெட், 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை இருந்தது; நடு அளவு 19 சதவீதம். வேலைக்கு வேலை இது மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நம் ஊரில் பல கொடையாளர்கள் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டோம் என்பார்கள்.

அந்த 5 எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் ஒரு சட்டத்தைத் தப்பாகப் படித்ததிலிருந்து. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி தன் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு உண்டு. ஆனால் அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. பணம் வாங்கி வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அதைப் பொருத்தச் சொல்லி விதி எங்கேயும் சொல்லவில்லை. இதை நான் எத்தனையோ கூட்டங்களில் விதியின் நகலோடு விளக்கியிருக்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள், பலர் "எங்கள் பாலிசி" என்று சொல்லிவிட்டார்கள்.

நீண்ட நாளைக்கு நிற்கும்படி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நகரமே சாட்சி. நான் இருக்கும் அல்சூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஆர்பிஏஎன்எம் பள்ளி, கல்லூரி வளாகம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் தமிழர்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்துகளின் விரிவு ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று தெரியாது. 1827-இல் பிறந்தவர். இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர்தான். 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பள்ளி அதையும் தாண்டியது, 1910-இல் அவர் இறந்ததையும் தாண்டியது. தன் சொத்தை அறத்துக்கென்று ஒதுக்கி வைத்த அவருடைய ஏற்பாட்டால் இன்றும் அவர் பெயரில் பள்ளிகளும் கல்லூரிகளும் நடக்கின்றன. கன்டோன்மென்ட் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை அங்கே படித்து குமாஸ்தாவாகவும் டீச்சராகவும் மில் மேஸ்திரியாகவும் ஆனார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. எங்கள் தெருவில் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் சொல்வார்கள்.

பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் மல்லேஸ்வரம் பக்கம் இருக்கும் இந்திய அறிவியல் கழகம். நம் ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்வார்கள். ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாயிலிருந்த தன் கட்டடங்களையும் நிலங்களையும் இதற்கென்று ஒதுக்கினார். அதைப் பார்க்காமலே 1904-இல் காலமானார். மைசூர் அரசு 1907-இல் 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-இல் நிறுவனம் உருவாகி, 1911-இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். டாடா கொடுத்தது ஒரே தடவை செலவழித்துத் தீர்க்கும் பணம் அல்ல, ஆண்டுதோறும் வருமானம் தரும் சொத்து என்பதைக் கவனியுங்கள். அந்த வருமானம் பேராசிரியர்களின் சம்பளத்தையும் ஆய்வகச் செலவையும் தாங்கியது. ஆமாம், சம்பளம்தான். 1940-இல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து இங்கே விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அதுதான் இன்றைய எச்ஏஎல். இரண்டு ஆண்டில் டாடா இன்ஸ்டிடியூட்டில் விமானப் பொறியியல் துறை வந்தது. அந்தத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த சதீஷ் தவன் பிறகு அதே நிறுவனத்தின் இயக்குநராகி, அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டே 1972 முதல் இஸ்ரோவுக்கும் தலைவராக இருந்தார். விமானபுரத்திலும் முருகேஷ்பாளையத்திலும் எச்ஏஎல் சம்பளத்தில் வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் அந்தக் கொடை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மைசூர் அரசின் கொள்கை, யுத்தம், பிறகு மத்திய அரசு எல்லாம் சேர்ந்தது. ஆனால் முப்பது ஆண்டு முன்பே ஆய்வகமும் ஆசிரியர்களும் தயாராக இருந்த ஊரைத் தேடித்தான் அடுத்தடுத்து எல்லாம் வந்தன.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 2 லட்சம் கொடுத்த நமக்கும் டாடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அதனால் இன்றைய உதாரணம் ஒன்று. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பெங்களூரில் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களில் தமிழ் பேசுபவர்கள் கணிசம். வடாற்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆனவர்கள். விடிவதற்குள் கோணிச் சாக்கோடு கிளம்பி, பிளாஸ்டிக், அட்டை, இரும்பு என்று பிரித்து, பழைய பொருள் வாங்கும் நாயண்டஹள்ளிக்கோ ஜாலி மொஹல்லாவுக்கோ போகும் சரக்கின் முதல் கண்ணி அவர்கள்தான். போலீஸ் விரட்டும், வீட்டுக்காரர்கள் திருடன் என்பார்கள். 2011-இல் மாநகராட்சி இவர்களுக்குத் தொழில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் ஆட்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, பெயர் எழுதி, படம் எடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்த வேலை இருந்தது. ஹசிரு தளா என்ற அமைப்பு அந்த வேலையிலிருந்து வளர்ந்தது. இந்த மாதிரி வேலைக்குச் சந்தையில் விலை கிடையாது. எந்த வங்கியும் கடன் தராது, அரசு டெண்டரிலும் வராது. நன்கொடைப் பணம் ஒன்றுதான் அதைச் செய்ய முடியும். செலவுத் தலைப்பு என்னவாக இருந்திருக்கும்? சம்பளம், ஆட்டோ, ஜெராக்ஸ்.

அட்டை கிடைத்த பிறகு அடுத்த கதவு திறந்தது. வார்டுகளில் உலர் கழிவு சேகரிப்பு மையங்கள் வந்தபோது, அவற்றில் சிலவற்றை நடத்தும் பொறுப்பே குப்பை பொறுக்கியவர்களிடம் வந்தது. நேற்று வரை சாக்கு தூக்கியவர் இன்று ஐந்தாறு பேருக்கு வேலை கொடுத்து, எடை மெஷின் வைத்து, கணக்குப் புத்தகம் எழுதுகிறார். 2015-இல் அதே குழுவிலிருந்து ஹசிரு தளா இன்னோவேஷன்ஸ் என்று தனிக் கம்பெனி உருவானது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு குப்பையைப் பிரித்து எடுத்துப் போகும் தொழில் அது. அதாவது, நன்கொடை முதலில் யாரும் எடுக்கத் துணியாத ஆபத்தை எடுத்தது. பிறகு அந்த இடத்தில் சம்பாதிக்கும் தொழில் நின்றது. 2020-இல் எச் அண்ட் எம் அறக்கட்டளையின் பணத்தில் சாமூஹிக சக்தி என்ற திட்டம் வந்தபோது, இதே குடும்பங்களுக்காகக் குடிநீர், பிள்ளைகளின் படிப்பு, தொழில் பயிற்சி என்று பல அமைப்புகளை ஒரே நேரத்தில் சேர்த்து வேலை செய்ய வைத்தார்கள். ஒரு அமைப்பு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும். வீட்டில் தண்ணீர் இல்லாததால் அதே பிள்ளை குடத்தோடு வரிசையில் நிற்கும். இதைப் பல காலம் பார்த்துச் சலித்த எனக்கு, சேர்த்துச் செய்ய வேண்டும் என்று பணம் கொடுப்பவரே கேட்டது பெரிய விஷயமாகப் பட்டது.

அரசோடு சேர்ந்து கொடுக்கும் வழியும் உண்டு. 2024-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடக அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. மூன்று ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். அரசு வாரம் இரண்டு நாள் கொடுத்துவந்த முட்டை ஆறு நாளாக ஆனது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. புதிதாகச் சமையலறை கட்டவில்லை, புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் சத்துணவு ஏற்பாட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. கோழிப் பண்ணைக்காரர், வாழைத் தோட்டக்காரர், கடலை மிட்டாய் காய்ச்சும் சின்ன ஆலைக்காரர் எல்லாருக்கும் வாரம் ஆறு நாள் நிச்சயமான கொள்முதல். அங்கே படிக்கும் பிள்ளையின் எலும்பில் ஏறும் சத்தை இதோடு சேர்க்காமலே சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நன்கொடை ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தாது. எண்களைப் பாருங்கள். 2022-23-இல் இந்தியா முழுவதும் கம்பெனிகள் சிஎஸ்ஆராகச் செலவிட்டது சுமார் 30,000 கோடி. கர்நாடகம் என்ற ஒரே மாநிலத்தின் 2024-25 பட்ஜெட் 3.71 லட்சம் கோடி. நாட்டின் மொத்த சிஎஸ்ஆரும் ஒரு மாநில பட்ஜெட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அளவில் போட்டி போட நன்கொடையால் முடியாது. பெரிய பணம் போகத் தயங்கும் இடத்துக்கு முதலில் போவதும், பொறுமையாக இருப்பதும்தான் அதனால் முடிந்தது.

இதை நம் ஆட்களுக்கு விளக்க கோலார் தங்கவயலைவிட வேறு இடம் வேண்டாம். 1880-களில் சுரங்கம் பெரிதாகத் தொடங்கியபோது சித்தூர், வடாற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நம் மக்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போன ஊர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல மனிதர்களும் சபைகளும் சங்கங்களும் அங்கே பள்ளிக்கும் மருந்துக்கும் உதவியிருக்கிறார்கள். அந்த உதவி பல வீடுகளைக் காப்பாற்றியது. ஆனால் மூடிப்போன சுரங்கத்தின் இடத்தை அது நிரப்பவில்லை. விடியற்காலையில் அங்கே மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயிலைப் பாருங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஐடி, ஆஸ்பத்திரி என்று ஆயிரக்கணக்கானோர் தினமும் சுமார் நூறு கிலோமீட்டர் பெங்களூருக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். உங்கள் குடியிருப்பின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைக் கேளுங்கள், ஒருவேளை அவரும் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக்காரராக இருக்கலாம். பெரிய முதலாளி போன இடத்தில் இன்னொரு முதலாளியோ அரசோ வந்தால்தான் அந்த ரயிலில் கூட்டம் குறையும்.

பணம் எந்த ஊருக்குப் போகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. சிஎஸ்ஆர் சட்டம் கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கம்பெனிகள் எங்கே இருக்கின்றன? பெங்களூரிலும் அதைச் சுற்றியும். நஞ்சுண்டப்பா கமிட்டி 2002-இல் கர்நாடகத்தின் 114 தாலுகாக்களைப் பின்தங்கியவை என்று பட்டியலிட்டது. அவற்றில் 39 மிகமிகப் பின்தங்கியவை. இந்த 39-இல் பாதிக்கு மேல் மாநிலத்தின் வடகிழக்கில், அன்றைய குல்பர்கா கோட்டத்தில். அங்கே பெரிய கம்பெனிகள் குறைவு, அதனால் சிஎஸ்ஆரும் குறைவு. முன்பு வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய அமைப்புகள் அதில் ஒரு பங்கைச் சின்ன கிராமத்து அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது அப்படிப் பிரித்துக் கொடுப்பது தடை செய்யப்பட்டது; நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. கணக்குத் தெரிந்த பெரிய அமைப்பு நகரத்தில் தப்பித்துக்கொண்டது. தாலுகா தலைநகரில் மூன்று பேரை வைத்து நடந்த சின்ன அமைப்புகள் சில என் கண்முன்னே மூடின. அவற்றில் வேலை பார்த்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த ஒரு திருத்தம் கிராமத்துப் பக்கம் செய்த சேதத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

இனி உங்கள் 2 லட்சத்துக்கு வருகிறேன். நேரடியாக நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது மிக நல்ல காரியம். ஆனால் ஃபீஸ் கட்டிய பிள்ளை எட்டாம் வகுப்பில் பாடம் புரியாமல் நின்றுபோனால் வீட்டுக்குப் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும் அல்லவா? நீங்கள் வேலை முடிந்து ஒயிட்ஃபீல்டிலிருந்து அந்த டிராஃபிக்கில் அங்கே போக முடியாது. சம்பளம் வாங்கும் அந்த ஃபீல்டு பெண் போவாள்.

அந்த அமைப்பு நல்லதா என்று பார்க்க ஒரு நாள் மாலையில் நேரே போய் உட்காருங்கள். டீச்சருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தலைவரின் சம்பளம், அதிகம் வாங்குபவரின் சம்பளம், குறைவாக வாங்குபவரின் சம்பளம் மூன்றையும் கேளுங்கள். நேர்மையான அமைப்புகள் தயங்காமல் சொல்லும், பல அமைப்புகள் ஆண்டறிக்கையிலேயே போடுகின்றன. நிறுவனரின் மனைவி, மகன், மச்சான் எல்லாரும் சம்பளப் பட்டியலில் இருந்தால் விலகி வந்துவிடுங்கள். அப்புறம், பிஎஃப் கட்டுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் சட்டப்படியே கட்ட வேண்டும். ஏழைகளுக்காக வேலை செய்யும் இடத்தில் பத்து ஆண்டு உழைத்த ஆயாவுக்கு "ஹானரேரியம்" என்று 6,000 ரூபாய் கொடுத்து, பிஎஃப் இல்லாமல், கிராஜுவிட்டி இல்லாமல் அனுப்பி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். சம்பளச் சதவீதத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லிக் கொடையாளர்கள் நெருக்கினால், கடைசியில் வெட்டு விழுவது அந்த ஆயாவின் மேல்தான்.

வரி விஷயம் சுருக்கமாக. நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்று பழகிய பெயர்) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பெரும்பாலும் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும், வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்குள். பணமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்று கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை.

இந்த முறை ஒரே தடவை 2 லட்சம் என்று கொடுப்பதற்குப் பதிலாக, பன்னிரண்டு குடும்பமும் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று எழுதிக் கொடுங்கள். மாதத்துக்குக் குடும்பத்துக்கு 1,400 ரூபாய்கூட ஆகாது. இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல், எதற்குத் தேவையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு பகுதியைக் கையிருப்பாகவே வைக்க வேண்டும் என்று விரும்பினால், இது மூலதன நிதிக்கு என்று தனிக் கடிதம் எழுத வேண்டும். காரணம், தொண்டு நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. கொடுப்பவர் எழுத்தில் சொன்னால்தான் அந்தத் தொகையை மூலதனமாகச் சேர்த்து வைக்க முடியும். ஒரு பக்கக் கடிதம் போதும்.

கடைசியாக, மார்ச்சில் கொடுக்காதீர்கள். மார்ச்சில் எல்லாரும் கொடுப்பார்கள், கம்பெனிகள் மிச்சப் பணத்தைக் கணக்கு முடிப்பதற்காகக் கொண்டு வந்து கொட்டும். உங்கள் பணம் ஏப்ரல் கடைசி வாரத்தில் போய்ச் சேரட்டும். மே மாதச் சம்பளத் தேதி வரும்போது அந்த டீச்சர்களின் பெயர்ப் பட்டியல் அப்படியே இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.